காய்ச்சல் விட்ட வெள்ளை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் புது மூட்டையைப் பிரித்தேன். மூடிப்போன ஒரு கோட்டுக் கம்பெனியிலிருந்து எடைக்கு வாங்கிய பட்டன்கள். வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் கவிழ்த்தால் மழை வலுப்பது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கிய பிறகும் நான் எழுந்திருப்பதில்லை. சும்மா பார்த்துக்கொண்டு இருப்பேன். இதற்கு அக்கா தியானம் என்று பெயர் வைத்திருக்கிறாள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதற்கு என்ன மரியாதை பாருங்கள்.

பிறகுதான் வேலை. இரண்டு துளை ஒரு தட்டு, நாலு துளை ஒரு தட்டு, பின்பக்கம் வளையம் வைத்தது ஒரு தட்டு. சிப்பியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சிப்பி என்றால் ஜில்லென்று இருக்கும். இன்று ஒரு நீலம் கிடைத்தது. விடிந்தும் விடியாமலும் ஜன்னலில் தெரிகிற நீலம். ‘தூக்கக் கலக்க நீலம்’ என்று பெயர் எழுதிப் படம் எடுத்துக் கடையில் போட்டேன். கடை என்றால் கம்ப்யூட்டரில் இருக்கிற கடைதான். ஊர் உலகத்தில் பழைய சாமான் விற்கிறவர்கள் எல்லோரும் இருக்கிற அந்தப் பெரிய தளத்தை நாங்கள் சந்தை என்போம்.

மத்தியானம் அந்தச் சந்தையிலிருந்து ஒரு மெயில். ‘உங்கள் வசதிக்காக’ என்று ஆரம்பித்திருந்தது. என் வசதியைப் பற்றி யாராவது கவலைப்பட்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அதனால் படிக்காமல் மூடிவைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன், அப்போதாவது மண்டையில் ஏறுகிறதா என்று.

இதுவரை: ஒருவர் என் பட்டனை வாங்கினால், பணம் அனுப்பும் கம்பெனி வழியாகக் காசு நேராக எங்கள் பேங்க் கணக்குக்கு வரும். ஒவ்வொரு விற்பனைக்கும் தனித்தனியாக வரும். பொருளின் பெயரோடு வரும்.

ஏப்ரல் முதல்: எல்லாக் காசும் சந்தையின் கைக்குப் போகும். தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை வாரம் ஒருமுறை மொத்தமாக அனுப்புவார்கள். பொருளின் பெயர் இருக்காது, சந்தையின் பெயர்தான் இருக்கும். அதுவும் விற்பவரின் தனிப் பெயரில் இருக்கிற கணக்குக்கு மட்டும். இரண்டு பேர் பெயரில் இருக்கிற கணக்கு செல்லாது. ஒத்துக்கொள்ளாதவர்களின் கடை தானாக மூடப்படும்.

எங்கள் கணக்கு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. அவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. கல்யாணம் ஆன புதிதில் தொடங்கியது. அன்று என்னிடம் போன் இல்லை. அதனால் கணக்கில் அவர் நம்பர். காசு விழுந்தால் பொருளின் பெயரோடு அவர் போனுக்குத்தான் மெசேஜ் போகும். எனக்கு மெயில் வரும், அவருக்கு மணி அடிக்கும்.

அக்கா பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறாள். ஊரார் வலியெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்கு இரக்கம் கொஞ்சம் மரத்துவிட்டது. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: “உன் பேர்ல ஒரு கணக்கு தொடங்க எவ்வளவு நேரம்டி ஆகும்? பேங்க் கீழ்த்தெருவுலதானே இருக்கு?”

“கட்டணம் அதிகம் அக்கா. காசை வேற ஒரு வாரம் பிடிச்சு வெச்சுப்பாங்களாம்.”

“இதானா காரணம்?”

“இதான்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையணை உறையைப் பார்த்தேன்.

மார்ச் 12, புதன்

யாரும் படிக்கப்போவதில்லை. இங்கேயாவது எழுதுகிறேனே.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வேறு ஊர், ராத்திரிப் பயணத் தூரம். மூன்று வருடம் ஆகிறது. சண்டை போட்டுப் போகவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகவாவது வழி இருந்திருக்கும். “போய்ட்டு வரேன்” என்றார், போனார். முதலில் மாதம் ஒரு தடவை வந்தார். பிறகு பண்டிகை, கல்யாணம் என்று வந்தார். பிறகு எதற்கும் வரவில்லை. எனக்கும் ரோஷம் இல்லையா என்ன? நான் ஏன் முதலில் கூப்பிட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் போன புதிதில் ஒருநாள் அவரே கூப்பிட்டார். “இன்னிக்கு பத்து தடவை மணி அடிச்சுது. மேல கூண்டுல தனியா உட்கார்ந்திருக்கேனா, நீ பக்கத்துல உட்கார்ந்து எதையோ சொல்லிட்டே இருக்கற மாதிரி இருந்துச்சு” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பெயர் வைக்கிற பைத்தியம். அதுவரை ‘சாம்பல் நிறம், நாலு துளை’ என்றுதான் எழுதுவேன். அதன்பிறகு, அவர் படிப்பாரே என்று, வீட்டில் நடப்பதையெல்லாம் பட்டன் தலையில் கட்டினேன். ஜன்னலுக்கு எதிரே கட்டடம் எழும்பி வெளிச்சம் போனபோது ‘மதியமே இருட்டிய பழுப்பு’. நான் பதினைந்து நாள் படுத்துக் கிடந்து எழுந்தபோது ‘காய்ச்சல் விட்ட வெள்ளை’. அக்கா என்னோடு வந்து தங்கியபோது ‘குறட்டைச் சிவப்பு’. அது யாரோ ஒரு தையல்காரருக்குப் போனது, பாவம். அந்தப் பெயர் மட்டும் அங்கே, வானத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்கு, ஒரு மணி சத்தத்தோடு போய்ச் சேர்ந்தது.

கண்ணை மூடினால் தெரிகிறது. கீழே தண்ணீர். பெட்டிகள் தீப்பெட்டி அளவுக்கு. அவர் இரண்டு கையாலும் பிடியைப் பிடித்திருக்கிறார். சட்டைப் பையில் போன் சிணுங்குகிறது. எடுத்துப் பார்க்கிறார். சிரிக்கிறாரா? அது மட்டும் எப்போதும் தெரிவதில்லை.

சந்தை சொல்கிறபடி கேட்டால் இது நின்றுபோகும். அவ்வளவுதான் விஷயம். கட்டணமாவது மண்ணாங்கட்டியாவது.

மார்ச் 15, சனி

விற்பவர்கள் குழுவில் ஒரே களேபரம். எல்லோரும் சேர்ந்து போனில் பேசினோம். யாருக்கும் யாருடைய பெயரும் தெரியாது, விற்கிற சாமான்தான் பெயர். கடிகாரக்காரர் (பழைய கைக்கடிகாரங்களின் உதிரிகள் விற்கிறார்) தொண்டை கிழியக் கத்தினார். “நம்ம காசை அவங்க எதுக்கு தொடணும்? எல்லாரும் ஒரே நாள்ல கடையை மூடுவோம். அப்ப தெரியும்.”

பீங்கான் அம்மா ஜோடி பிரிந்த கப்புகளுக்குச் சாஸர் தேடித் தருகிறவர். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். “என் மருமகன் ஒரு சின்ன சைட் பண்ணித் தர்றேங்கறான். பழைய மாதிரியே காசு நேரா நமக்கு வரும். பொருள் பேரும் வரும்” என்றார்.

பொருள் பெயரும் வருமா? நான் அதுவரை வாயே திறக்கவில்லை. “நான் வர்றேன். முதல் ஆளா என்னைப் போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டேன்.

உடனே கைதட்டல். கடிகாரக்காரருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. “பட்டன் மேடத்துக்கு இருக்கற கொள்கை நம்ம எல்லாருக்கும் இருக்கணும்” என்றார்.

கொள்கை! எனக்கு! சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மார்ச் 22, சனி

குழுவில் எனக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். தலைவி. தினமும் காலையில் யாராவது ‘தலைவி, போகலாமா வேண்டாமா’ என்று கேட்கிறார்கள். ‘அவரவர் மனசுப்படி’ என்று எழுதுகிறேன். அதையும் பெரிய ஞானம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மார்ச் 31, திங்கள்

சந்தையில் என் கடைக்கு இன்று கடைசி நாள்.

சாயங்கால வெயில் மேஜைமேல் சாய்ந்தபோது உட்கார்ந்தேன். கடையை மூடுவதற்கு முன் வாங்கியவர்கள் எழுதிவிட்டுப் போனதையெல்லாம் ஒரு தடவை படித்தேன். ‘அப்பா கோட்டில் இல்லாமல் போன பட்டன் இதேதான்.’ ‘அச்சு அசல்.’ ‘கொஞ்சம் சின்னது, ஆனால் அழகு, வைத்துக்கொள்கிறேன்.’ இவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. இனி இவர்களுக்கு என்னைத் தேடத் தெரியாது. வேறு இடத்துக்குப் போகிறேன் என்று அங்கே எழுதக்கூடாது, விதி.

நீக்கு என்ற இடத்தை அழுத்தினேன். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. வாழ்க்கையில் என்னை யாரும் இப்படி நின்று கேட்டதில்லை.

நிச்சயமாக இல்லை. ஆனாலும் அழுத்தினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

புதுச் சைட் பார்க்கச் சகிக்கவில்லை. மருமகன் பச்சையில் பின்னணியும் மஞ்சளில் எழுத்தும் வைத்திருக்கிறான். என் நீலமெல்லாம் அதில் காமாலை வந்தது போல் இருக்கிறது. பீங்கான் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மாப்பிள்ளை ஆயிற்றே.

ஏப்ரல் 12, சனி

கடை காற்று வாங்குகிறது. ஒன்றும் போகவில்லை.

மத்தியானம் தட்டுகளுக்கு நடுவே படுத்துத் தூங்கிவிட்டேன். கனவில் கிரேன் கொக்கியில் என் மேஜை தொங்குகிறது. மேலே மேலே போகிறது. இழுப்பறைகள் திறந்து பட்டன்கள் ஒவ்வொன்றாகக் கடலில் விழுகின்றன. ஒரு சத்தமும் இல்லை. நான் கத்துகிறேன், “கூண்டுல யாரு?” என்று. அதற்குள் அக்கா வந்து உலுக்கினாள். கன்னத்தில் ஒரு நாலு துளை பட்டன் பதிந்து அச்சு விழுந்திருந்தது. அக்கா பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டு, “இந்த மாசம் வாடகை நான் குடுத்துடறேன். பேசாம இரு” என்றாள். அவள் சம்பளம் எனக்குத் தெரியாதா? ‘சரி’ என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 24, வியாழன்

கடிகாரக்காரர் சந்தைக்கே திரும்பிப் போய்விட்டார். சொல்லாமல்கொள்ளாமல். பீங்கான் அம்மாதான் பார்த்துச் சொன்னார். “பாவம், ரெண்டு பொண்ணு படிக்குது அவருக்கு. கத்தினவங்கதான் முதல்ல போவாங்க. நீங்க மனசை விட்டுடாதீங்க தலைவி.”

எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. காசுக்காகப் போனார், காசுக்காக வந்தார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. நான் எதற்காகப் போனேன் என்று யாராவது கேட்டால் நிமிர்ந்து சொல்ல முடியுமா?

மே 1, வியாழன்

ஒரு மாதமாக ஒரு பட்டனும் விற்கவில்லை, அதனால் மணியும் அடிக்கவில்லை, அங்கே. அவருக்குத் தோன்றாதா? என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை? உடம்புக்கு ஏதாவது என்று? கடை போச்சா என்று? ஒருவேளை செத்தே போனேனா என்று?

போன் பக்கத்திலேயே இருக்கிறது. குளிக்கப் போனால்கூட வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.

மே 5, திங்கள்

கூப்பிட்டுவிட்டேன். நான்தான். ரோஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு.

அக்கா வேலைக்குப் போனபிறகு, ஜன்னல் ஓரம் நின்று, அந்த நம்பரை அழுத்தினேன். பார்த்து அழுத்தவில்லை, விரலே அழுத்தியது. ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தார்கள். பின்னால் இரும்புக் கதவு மூடுகிற சத்தம்.

“யாருங்க?”

அவர் குரல் இல்லை. வயசான குரல். நான் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

“அப்படி யாரும் இல்லீங்களே. நான் லிப்ட் ரிப்பேர் பண்றவன். இந்த நம்பர் ஒரு வருஷத்துக்கு மேலயே நம்மகிட்டதான் இருக்கு. புது சிம்மு வாங்கினப்ப குடுத்தாங்க.”

வைத்துவிடப் போனேன். அந்த மனிதர் சட்டென்று கேட்டார்: “ஏம்மா, இந்த பட்டன் மெசேஜ் எல்லாம் உங்களுதா?”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“பேங்க்லேர்ந்து வருமே, கொஞ்சூண்டு கொஞ்சூண்டா காசு விழுந்துச்சுன்னு? கூடவே ஒரு பேரு இருக்கும். நான் அப்பவே பேங்குல போய்ச் சொன்னேன், இது என் கணக்கு இல்லீங்கன்னு. கணக்கு வெச்சிருக்கவங்கதான் வரணும்னுட்டாங்க. சரி, கிடக்கட்டும்னு விட்டுட்டேன். முதல்ல என் வீட்டுக்காரம்மா, ஏதோ உண்டியல் கணக்கு போலன்னா. அப்புறம் அந்தப் பேரெல்லாம் படிச்சுப் படிச்சு அவளுக்குப் பிடிச்சுப்போச்சு. நான் வீட்டுக்கு வந்ததும், இன்னிக்கு அந்தம்மா என்ன சொல்லுதுன்னுதான் கேப்பா.”

“என்னன்னு…” என்றேன்.

“அதாங்க, வெளிச்சம் போச்சு, மழை வந்துச்சுன்னு வருமே. காய்ச்சல் விட்ட வெள்ளைன்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க, போன மழைக்கு. அந்தம்மாவுக்கு உடம்பு தேவலையாயிடுச்சு போல, அதான் ரெண்டு வாரமா சத்தம் இல்லைன்னு சொன்னா. அவ சொன்ன அப்புறம்தான் எனக்கே விளங்குச்சு. இப்ப ஒரு மாசமா ஒண்ணையும் காணோம். நேத்துகூட பேசிட்டிருந்தோம். நல்லா இருக்கீங்கதானே?”

“நல்லா இருக்கேங்க” என்றேன். “கடை மாத்தியிருக்கேன். அதான்.”

“அதானே. சொல்றேன் அவகிட்ட. நிம்மதியாயிடுவா.”

வைத்துவிட்டார். எங்கேயோ யாரோ லிப்ட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

மே 6, செவ்வாய்

நம்பரை மாற்றிவிட்டு எனக்குச் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு மேல். இதற்குமேல் அந்த ஆள் என்ன வார்த்தையால் சொல்ல வேண்டும் எனக்கு?

மே 9, வெள்ளி

மூன்று நாளாக ஒன்றும் செய்யவில்லை. முதல் நாள் அழுதேன். வாய்விட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி. இரண்டாம் நாள் அசிங்கமாக இருந்தது. ஒரு வருடமாக நான் கொஞ்சியதும் குறைபட்டதும் ஒரு லிப்ட் மெக்கானிக்கின் சாப்பாட்டு மேஜைக்குப் போயிருக்கிறது. ‘நீ இல்லாத மஞ்சள்’ என்று ஒன்று வைத்தேனே. அதையும் படித்திருப்பார்கள். கடவுளே.

இன்று காலை அதே மஞ்சளை நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ‘நீ இல்லாத மஞ்சள்’ என்று உரக்கப் படித்திருப்பார். அந்த அம்மாள் உச்சுக் கொட்டியிருப்பாள். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வீட்டில் இரண்டு பேர் என்னைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆள்தான் வேறு.

அக்காவிடம் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ குடித்து முடித்ததும், “அவரோட தம்பிகிட்ட கேட்டா புது நம்பர் கிடைக்கும். கேக்கட்டுமா?” என்றாள்.

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன். கூண்டு தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது. உள்ளே ஆள் இல்லை. ரொம்ப நாளாகவே இல்லையோ என்னவோ, நான்தான் உட்காரவைத்திருந்தேன்.

“வேணாம் அக்கா” என்றேன்.

மே 11, ஞாயிறு

பீங்கான் அம்மாவைக் கூப்பிட்டு, சந்தைக்கும் திரும்பிப் போகப்போகிறேன் என்றேன். இரண்டு இடத்திலும் கடை வைப்பேன், உங்களை விட்டுவிட மாட்டேன் என்றேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

“அப்ப கொள்கை?” என்றார்.

“கொள்கை எனக்கு எப்பவுமே இல்லீங்க. வேற ஒண்ணு இருந்துச்சு. அது போயிடுச்சு.”

அவர் என்னவென்று கேட்கவில்லை. “போனா போகுது. அந்த மஞ்சள் எழுத்து பிடிக்கலைன்னு மருமகன்கிட்ட நீங்களாவது சொல்லுங்களேன். எனக்கு வாய் வரமாட்டேங்குது” என்றார். ஒரு மாதமாக இரண்டு பேரும் இதையேதான் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மே 14, புதன்

பேங்குக்குப் போனேன், என் பெயரில் தனிக் கணக்கு தொடங்க. கீழ்த்தெருதான். அக்கா சொன்னது சரி, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு ரொம்பச் சின்ன வயசு. தலையைத் தூக்காமல் கேட்டுக்கேட்டு அடித்துக்கொண்டே போனாள். பெயர். முகவரி. தொழில். “பட்டன் விக்கறேன்” என்றேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“கணக்குல வேற யார் பேராவது சேக்கணுமா மேடம்?”

“வேணாங்க.”

“மெசேஜ் போறதுக்கு மொபைல் நம்பர் சொல்லுங்க.”

சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பாதி நம்பர் சொன்னபிறகுதான் யாருடையது என்று உறைத்தது. லிப்ட்காரருடையது. “இருங்க, அது இல்ல” என்றேன். அழித்தாள். விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

என் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. எனக்கு நானே எப்போது போன் செய்துகொண்டேன்? கைப்பையிலிருந்து போனை எடுத்து, தேடி, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் படித்தேன். அந்தப் பெண் சரிபார்க்கத் திருப்பிச் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.